தாங்குவதும் மீள்வதும்: மென்பொருளுக்கு இரு சோதனைகள்

தலைநகரில் வாழும் தமிழர்களுள் புசா ரோட்டை அறியாதவர் குறைவு. கரோல்பாக்கை ஒட்டிச் செல்லும் அச்சாலையில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று உண்டு; சாலையின் மேலே மெட்ரோ ரெயில் ஓடுகிறது; மேற்கே சென்றால் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பரந்த வயல்கள் தொடங்குகின்றன. ஆனால் ‘புசா’ என்பது தில்லிக்கு உரிய பெயரன்று. அது பீகாரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் விவசாய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. (ஃபிப்ஸின் பெயரும் அவருடைய நாட்டின் பெயரும் சேர்ந்தே ‘புசா’ ஆயிற்று என்று கதை சொல்வோர் இன்றும் உளர். ஊர் அவருக்கு முன்பே அப்பெயருடன் இருந்தது. கதை சுவையானது, அவ்வளவே.) 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரை உலுக்கிய நிலநடுக்கம் அந்நிலையத்தின் பெரிய மாளிகையைச் சிதைத்துவிட்டது. 1936-இல் நிலையம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஊர்ப் பெயரும் உடன் வந்து ஒரு சாலைக்கு நிலைத்தது.

மென்பொருளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் நிலநடுக்கம் எதற்கு என நேயர்கள் கேட்கலாம். அந்த நிலநடுக்கம் ஒரே வேளையில் இரண்டு வினாக்களைக் கேட்டது என்பதே காரணம். இம்மாளிகை எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பது ஒரு வினா. மாளிகை விழுந்தபின் அதனுள் நடந்த பணி எங்கே, எத்தனை நாளில், எவ்வளவு இழப்புடன் மறுபடியும் தொடங்கும் என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை சில நிமிஷங்களில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு விடை கிடைக்க இரண்டு ஆண்டுக்கு மேலாயிற்று. ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றுக்கு விடையாகாது. மென்பொருள் வல்லுநர்கள் இவ்விரு வினாக்களுக்கும் தனித்தனியே சோதனை வகுத்திருக்கிறார்கள். முன்னதை ‘ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்’ என்றும், பின்னதை ‘ரெகவரி டெஸ்டிங்’ என்றும் வழங்குகிறார்கள்.

இவ்விரு சொற்களையும் தமிழாக்க முற்படும்போதே தொல்லை தொடங்குகிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்குப் பொறியியல் அகராதி ‘தகைவு’ என்கிறது. மருத்துவர்கள் ‘மன அழுத்தம்’ என்கிறார்கள். வானொலியில் கேட்ட மாத்திரத்தில் விளங்க வேண்டுமாதலின் ‘அழுத்தச் சோதனை’ என்றே நாம் வைத்துக்கொள்வோம். ‘ரெகவரி’ அதனினும் பொல்லாத சொல். மருத்துவமனையில் அது குணமடைதல். வங்கியில் கடன் வசூல். காவல் நிலையத்தில் களவு போன பொருளைக் கைப்பற்றுதல். இங்கே நமக்கு வேண்டிய பொருளுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் ஆயத்தமாக உள்ளன. ஒன்று மீட்பு, மற்றது மீட்சி. கிணற்றில் விழுந்தவனைப் பிறர் கயிறு கட்டித் தூக்குவது மீட்பு. விழுந்தவன் தானே படியேறி வருவது மீட்சி. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தொல்லைப்படுகிறது. ஆனால் கணிப்பொறித் துறையில் இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. பொறி தானாகவே எழுந்து நிற்குமாயின், அது சரியான நிலைக்குத்தான் வந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். ஆள் வந்து எழுப்ப வேண்டுமாயின், எழுப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, அந்நேரம் பொறுக்கத்தக்கதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் உள்ளடக்கிப் பொதுவாக ‘மீட்சிச் சோதனை’ என்போம்; வேறுபடுத்த வேண்டிய இடத்தில் வேறுபடுத்துவோம்.

அழுத்தச் சோதனைக்கு நம் நாட்டார் யாவரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தளத்தில் காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், பதினொரு மணிக்கு ஏனைய வகுப்புகளுக்கும் தட்கால் பயணச்சீட்டு வழங்கத் தொடங்குகிறார்கள். ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிஷத்துக்கு அமைதியாக இருக்கும் தளம், பத்து அடித்தவுடன் பெருவெள்ளத்தைச் சந்திக்கிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதிய மென்பொருளை நிறுவியபோது, நிமிஷத்துக்கு 2,000 சீட்டுகளாக இருந்த கொள்ளளவு 7,200 ஆக உயர்ந்ததென ரெயில்வே அறிவித்தது. 2025-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை பத்து மணிக்கு ஒரே நிமிஷத்தில் 31,814 சீட்டுகள் வழங்கப்பட்டன. வந்த கூட்டம் முழுவதும் மனிதர்களும் அல்லர். தட்கால் திறந்த முதல் ஐந்து நிமிஷங்களில் உள்நுழைய முயல்வனவற்றுள் பாதியளவு தானியங்கி நிரல்களின் வேலை என்று ரெயில்வே அமைச்சகமே 2025-இல் தெரிவித்தது. சீட்டு வாங்கிக் கொடுக்கும் தரகர்கள் ஏவிவிட்ட பூதங்கள் அவை.

இத்தகைய தளத்தை மக்கள் கையில் கொடுப்பதற்கு முன் சோதிப்பவர்கள், கணிப்பொறியைக் கொண்டே ஆயிரக்கணக்கான பொய்ப் பயணிகளை உண்டாக்குகிறார்கள். அப்பயணிகள் பெயரைப் பதிவு செய்வார்கள், ரெயிலைத் தேடுவார்கள், பணம் செலுத்துவதாக நடிப்பார்கள். எதிர்பார்க்கும் கூட்டம் எவ்வளவோ அவ்வளவு பேரை அனுப்பி, தளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ‘சுமைச் சோதனை’. அழுத்தச் சோதனை அதோடு நிற்பதில்லை. எதிர்பார்ப்பைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போய், எங்கேனும் ஓரிடத்தில் தளம் முறியும்வரை விடாது. கூட்டத்தைப் பெருக்குவது ஒரு வழி. நினைவகத்தைக் குறைப்பது, வட்டில் இடமில்லாமற் செய்வது, பின்னால் நின்று உதவும் தரவுத்தளத்தை வேண்டுமென்றே மெதுவாக்குவது ஆகியவை வேறு வழிகள். மொத்தத்தில், ‘இது நடவாது’ என்று நாம் எண்ணியிருந்த நெருக்கடியை நடத்திக் காட்டுவதே அதன் தொழில்.

முறிக்க வேண்டும் என்பதே நோக்கமாயின் முறிந்தவுடன் சோதனை முடிந்துவிட்டதா? இல்லை, அங்கேதான் அது பயன் தரத் தொடங்குகிறது. எந்த இடத்தில் முதலில் முறிந்தது? முறிந்த விதம் நாகரிகமானதா, அநாகரிகமானதா? “இப்பொழுது கூட்டம் மிகுதி, சற்றுப் பொறுத்து வருக” என்று சொல்லிச் சிலரை வாயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்தவர்களுக்குச் செவ்வனே சீட்டு வழங்குமாயின் அது நாகரிகமான முறிவு. எல்லாரையும் உள்ளே விட்டு ஒருவருக்கும் ஒன்றும் கொடாமல் திகைத்து நிற்குமாயின் அது மோசம். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுத்துவிட்டு இருவரிடமும் பணத்தை வாங்கிக்கொள்ளுமாயின் அது மன்னிக்கவொண்ணாதது. நின்றுபோன தளத்தைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொய் சொன்ன தளத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை நான்கு மணியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பிய அனைவரும் கொரோனாத் தடுப்பூசிக்கு ‘கோவின்’ தளத்தில் பதிவு செய்யலாம் என்று அன்று கதவைத் திறந்தார்கள். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்தன என்றும், முதல் மூன்று மணி நேரத்தில் 80 லட்சம் பேர் பதிந்தனர் என்றும் அரசாங்கம் தெரிவித்தது. முதற் சில நிமிஷங்களில் உள்ளே செல்ல முடியாமலும், கைப்பேசிக்குக் கடவெண் வந்து சேராமலும் தவித்தவர் பலர். நோயின் இரண்டாம் அலை வீட்டு வாசல்வரை வந்துவிட்ட நாட்கள் அவை. அத்தகைய மாலையில் ‘மறுபடியும் முயல்க’ என்னும் வாசகம் ஒருவர் மனத்தில் என்ன செய்யும் என்பதை எந்தச் சோதனை ஏட்டிலும் எழுத முடியாது. ஒன்றை மட்டும் வல்லுநர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விடை தாமதமாயின் மனிதன் பொத்தானை மீண்டும் அழுத்துவான். அவன் அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கோரிக்கை. ஆகவே தளம் தளர்ந்த கணத்திலேயே சுமை இரட்டிக்கிறது. பொறுமையுள்ள பொய்ப் பயணிகளைக் கொண்டு சோதித்தவர்கள் இவ்விடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இனி, மீட்சிச் சோதனை. இதற்குக் கூட்டம் வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒருவர் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதும் இதைச் செய்யலாம். அவர் கணக்கிலிருந்து தொகை கழிக்கப்பட்டுவிட்டது. எதிர்க் கணக்கில் இன்னும் சேரவில்லை. அந்தக் கணத்தில் மின்சாரத்தை நிறுத்துவது, வலைப்பின்னலின் கம்பியை உருவுவது, அல்லது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் கொன்றுவிடுவது — இதுதான் சோதனையின் தொடக்கம். பிறகு மின்சாரம் வருகிறது. அந்தத் தொகை எங்கே?

பழைய மளிகைக்கடைக் கணக்கர் இதற்கு விடை அறிந்திருந்தார். அவரிடம் சிட்டை என்றும் பேரேடு என்றும் இரண்டு உண்டு. நடந்தது எதுவாயினும் முதலில் சிட்டையில் ஒரு வரி எழுதுவார். ஆற அமரப் பேரேட்டில் பதிவார். பேரேட்டில் பாதி எழுதும்போது விளக்கு அணைந்துபோனாலும் கவலையில்லை. மறுநாட் காலை சிட்டையையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, விட்டதை எழுதி, அரைகுறையானதை அடித்துவிடுவார். இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் இதே முறையைத்தான் கையாள்கின்றன. எந்த மாறுதலையும் செய்யுமுன் ‘இதைச் செய்யப் போகிறேன்’ என்று ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றன. விழுந்து எழுந்தவுடன் முதல் வேலையாக அப்பதிவேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிலைநாட்டி, முடியாதவற்றை இல்லையென்று ஆக்குகின்றன. இது ஏட்டில் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பது மீட்சிச் சோதனையின் முதற் படி.

ஒரே தரவுத்தளத்துக்குள் நடப்பதாயின் இது எளிது. ஆனால் நம் பணம் ஒரு வங்கியிலிருந்து புறப்பட்டு, இடையில் ஒரு நிலையத்தைக் கடந்து, மற்றொரு வங்கிக்கோ ரெயில்வேக்கோ போகிறது. மூவரிடமும் மூன்று சிட்டைகள். ஒருவர் விழுந்து எழுந்தால் மற்ற இருவரோடும் ஒப்பிட்டுத்தான் உண்மை தெரியும். “கணக்கில் பணம் கழிந்தது, இயந்திரத்தில் ரூபாய் வரவில்லை” என்னும் புலம்பல் பிறப்பது இந்த இடைவெளியில்தான். இடைவெளி இருக்கத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டே ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி செய்தது. ஏ.டி.எம். இயந்திரத்தில் ரூபாய் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தரவேண்டும். மீட்சிக்கு விலை வைத்த விதி இது. வாடிக்கையாளர் பலருக்கு இப்படியொரு விதி உண்டென்பதே தெரியாது என்பது வேறு கதை.

மீட்சிச் சோதனையில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. விழுந்ததிலிருந்து எழும்வரை எவ்வளவு நேரம் என்பது ஒன்று. எழுந்து பார்க்கும்போது கடைசி எத்தனை நிமிஷத்து வேலை காணாமற் போயிருக்கிறது என்பது மற்றொன்று. இவை இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உளர், அது பிழை. இரண்டே நிமிஷத்தில் எழுந்துவிட்டு நேற்றைய கணக்கைக் காட்டும் பொறியும் உண்டு. ஆறு மணி நேரம் கழித்து எழுந்தாலும் ஒரு பைசாகூடக் குறையாமல் கொண்டுவரும் பொறியும் உண்டு. எது நல்லது என்பது தொழிலைப் பொறுத்தது. செய்தித்தாளின் தளத்துக்கு முன்னதே போதும். வங்கிக்குப் பின்னதே வேண்டும். பங்குச் சந்தைக்கோ இரண்டும் வேண்டும்.

பங்குச் சந்தை என்றதும் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் நினைவுக்கு வருகிறது. அன்று பம்பாயிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் காலை 11-40 மணிக்கு வாணிபம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பெற்றிருந்த இணைப்புகளில் கோளாறு; அதன் விளைவாக, வாங்குவோர் விற்போரின் பொறுப்புத் தொகையைக் கணந்தோறும் கண்காணிக்கும் அமைப்பு செயலற்றுப்போயிற்று. வாணிபம் மீண்டும் தொடங்கியபோது மணி மாலை 3-45. வழக்கமாக மூன்றரை மணிக்கே சந்தை மூடிவிடும். அன்று ஐந்து மணிவரை நீட்டினார்கள். இடையே நான்கு மணி நேரம், காலையில் வாங்கியதை மாலைக்குள் விற்றுத் தீர்க்கவேண்டிய சிறு வணிகர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

அன்று சந்தையில் அளவுமீறிய கூட்டம் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். கோடிக்கணக்கான கட்டளைகளைத் தாங்க வல்ல அமைப்பு அது. அழுத்தச் சோதனையில் அதைக் குறை சொல்ல இடமில்லை. மேலும், பேரிடர் நேர்ந்தால் பணியை ஏற்றுக்கொள்ள வேறோர் ஊரில் மாற்று நிலையமும் அமைந்திருந்தது. அந்நிலையத்துக்கு ஏன் மாறவில்லை என்பதுதான் அடுத்த நாட்களில் கண்காணிப்பு நிறுவனமான செபி கேட்ட கேள்வி. மாற்று நிலையம் இருப்பது ஒன்று. ‘இப்பொழுது மாறுவோம்’ என்று துணிந்து சொல்ல ஒருவர் இருப்பது மற்றொன்று. மாறினால் கணக்கு பிறழுமோ என்ற அச்சமும், இதோ இப்பொழுதே சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து மனிதரின் கையைக் கட்டிப்போடும் என்பது எல்லாத் துறையிலும் கண்டதுதான். அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. கோளாறு நேர்ந்த முப்பது நிமிஷத்துக்குள் அது பேரிடரே என்று அறிவித்துவிட வேண்டும். அறிவித்த நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள், வேண்டுமாயின் மாற்று நிலையத்திலிருந்தே, பணியைத் தொடங்கவேண்டும். மென்பொருளின் மீட்சியோடு மனிதரின் தயக்கத்தையும் சேர்த்து அளந்த விதி என இதைச் சொல்லலாம்.

இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அலுவலகங்களில் வெகு சாதாரணம். மொழிபெயர்ப்புக்கென நம்மிடம் வரும் ஆவணங்களுள் ஒன்றில், இரு சோதனைகளையும் ஒரே வரியில் எழுதி, எதிரே ‘நிறைவேறியது’ என்று ஒரே ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். எது நிறைவேறியது என்று கேட்டெழுதினோம். பத்தாயிரம் பேரைத் தாங்கியது என்று பதில் வந்தது. விழுந்தால் எழுமா என்றதற்கு, “விழவே இல்லையே” என்றார்கள். இதைவிட நல்ல விளக்கம் நமக்குக் கிடைத்திருக்காது. அழுத்தச் சோதனையில் வென்ற மகிழ்ச்சியே மீட்சிச் சோதனையை மறக்கச் செய்கிறது.

ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதை விளங்கிக்கொள்ளப் புசா ரோட்டை அடுத்த அதே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகலாம். 2017-இல் அங்கே ஒரு பயிர்த்தோற்ற ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. செடிகளைத் தொட்டிகளில் வைத்து, நீரைக் குறைத்து வாட்டி, ஒவ்வொன்றும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கருவிகள் படம் பிடிக்கின்றன. நீரின்றி எத்தனை நாள் நிமிர்ந்து நிற்கிறது என்பது அழுத்தத்தைப் பற்றிய செய்தி. நீரை மீண்டும் விட்டால் தழைக்கிறதா என்பது மீட்சியைப் பற்றிய செய்தி. மண்ணியலில் ‘நிலைத்த வாட்ட நிலை’ என்று ஓர் அளவு உண்டு. வாடிய செடியை ஈரக்காற்றுள்ள அறையில் வைத்த பின்னும் அது தலைநிமிரவில்லையாயின் அந்நிலை வந்துவிட்டது என்று பொருள். அதாவது, தாங்கும் எல்லையை வரையறுப்பதற்கே மீட்சியைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள். மென்பொருளிலும் இப்படியே. அழுத்தச் சோதனையில் கூட்டத்தை உச்சத்துக்கு ஏற்றித் தளத்தைத் தடுமாறச் செய்தபின், கூட்டத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துப் பார்ப்பார்கள். சுமை போனதும் தளம் தெளியவேண்டும். சில தளங்கள் தெளிவதில்லை. தேங்கிய கோரிக்கைகளையும், அவற்றை மறுபடி மறுபடி அனுப்பிய பொறிகளின் தொல்லையையும் சுமந்துகொண்டு, கூட்டமில்லாத வேளையிலும் மூச்சுத் திணறிக் கிடக்கும். அது நிலைத்த வாட்டம்.

மறுபுறம், மீட்சியே புதியதோர் அழுத்தமாக மாறுவதும் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அதிகாலை 2-33 மணிக்கு வடக்கு மின்தொகுப்பு வீழ்ந்தது. அதை ஒருவாறு எழுப்பி நிறுத்திய மறுநாள், நண்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் சேர்ந்து வீழ்ந்தன. அறுபது கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. தில்லி மெட்ரோ வண்டிகள் நின்றுவிட்டன. அனல் மின் நிலையத்தைத் தொடங்குவதற்கே விசிறிகளையும் நீரேற்றிகளையும் ஓட்ட வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஆகவே தானே எழவல்ல புனல் மின் நிலையங்களை முதலில் ஓட்டி, அவற்றின் கையைப் பிடித்து மற்றவற்றை எழுப்புகிறார்கள். எழுப்பியவுடன் எல்லா ஊர்களுக்கும் ஒரே சமயத்தில் மின்சாரம் விட்டால், காத்திருந்த விசிறிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் ஒருங்கே இழுத்து மறுபடி வீழ்த்திவிடும். எனவே பகுதி பகுதியாகவே விடுகிறார்கள். இதற்கெனக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் நடத்தவேண்டும் என்று மின்தொகுப்பு விதிகள் கூறுகின்றன. நின்றுபோன இணையத்தளம் திறக்கும் நொடியில் வாயிலில் நிற்கும் கூட்டமும் இத்தகையதே. ஆளில்லாத ஆய்வறையில் அழகாக எழுந்த தளம், அந்தக் கூட்டத்தின் எதிரே எழமுடியாமற் போகலாம். ஆகையால் நல்ல சோதனையாளர் மீட்சியைச் சுமையில்லாமலும் பார்ப்பார், முழுச் சுமையோடும் பார்ப்பார்.

நகல் எடுத்து வைத்திருக்கிறோம், பயமில்லை என்று சொல்வோருக்குப் புசா வளாகத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்குள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் வைக்கப்பட்டுள்ளன. உழவர் கைவிட்ட பழைய நெல்லும் கம்பும் அங்கே உறங்குகின்றன. விதை குளிரில் இருக்கிறது என்பதால் அவ்வங்கியார் நிம்மதி கொள்வதில்லை. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை சில விதைகளை எடுத்து ஈரத்தில் இட்டு முளைக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். முளைப்புத்திறன் குறைந்திருந்தால் வயலில் விதைத்துப் புதுவிதை எடுத்து மறுபடி வைக்கிறார்கள். முளைக்காத விதைக்கும் கூழாங்கல்லுக்கும் வேறுபாடில்லை. உலகின் பொது விதைக் களஞ்சியம் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து முதன்முதலாக விதையைத் திரும்ப எடுத்தது 2015-இல். சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகிருந்த வறள்நில ஆராய்ச்சி நிலையம் போரினால் கைவிட்டுப் போகவே, அந்நிலையத்தார் தாம் முன்பு வைத்திருந்த நகலை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர். 2017-இல் புதுவிதையைக் களஞ்சியத்துக்குத் திருப்பியும் கொடுத்தனர்.

கணிப்பொறி உலகில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2017 ஜனவரி 31-ஆம் நாள் ‘கிட்லாப்’ என்னும் நிறுவனத்தில், களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் துணைப் பொறியிலுள்ளதை அழிப்பதாக எண்ணித் தலைமைப் பொறியின் தரவை அழித்துவிட்டார். நகலுக்கென அங்கு ஐந்து முறைகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை. நாள்தோறும் எடுப்பதாக இருந்த நகல், பதிப்பு பொருந்தாமையால் நெடுநாளாகவே எடுக்கப்படாமல் இருந்தது. எடுக்கப்படவில்லை என்று எச்சரிக்கவேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு காரியத்துக்காக எடுத்திருந்த பிரதியைக் கொண்டு, சுமார் பதினெட்டு மணி நேரம் போராடிப் பணியை மீட்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் அந்நிறுவனத்தார் உலகறியச் சொன்னது பாராட்டுக்குரியது. சொல்லாதவர்கள் எத்தனை பேரோ.

மீட்சியும் மீட்பும் வேறு என்றோமல்லவா? அதை ஒரே நாளில் உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி 2024 ஜூலை 19-ஆம் நாள் நேர்ந்தது. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. அந்நிறுவனம் 78 நிமிஷத்தில் தன் பிழையைத் திருத்திவிட்டது. ஆனால் முடங்கிய பொறிகள் இணையத்தோடு பேசும் நிலைக்கே வரமுடியாமையால் திருத்தம் அவற்றைச் சென்றடைய வழியில்லை. ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் சென்று அமர்ந்து, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்கவேண்டியதாயிற்று. 78 நிமிஷத்துத் திருத்தத்துக்குப் பல நாள் மீட்பு. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டு வழங்கினார்கள். அதை நினைவுப் பொருளாகப் படமெடுத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. எழுதத் தெரிந்த ஆளும், எழுதுவதற்கு அட்டையும் அங்கு இருந்தன என்பதையும் மீட்புக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பங்குச் சந்தைகள் இப்பொழுது ஒத்திகையைப் பொய்ப் பணத்தில் நடத்துவதோடு நிற்பதில்லை. 2024-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், விடுமுறையான சனிக்கிழமையில், தேசியப் பங்குச் சந்தை மெய்யாகவே கடை திறந்தது. காலை 9-15 முதல் 10 மணிவரை வழக்கமான நிலையத்திலிருந்து வாணிபம். பிறகு இடைவேளை. அவ்விடைவேளையில் முழு அமைப்பையும் மாற்று நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 11-30 முதல் 12-30 மணிவரை அங்கிருந்து வாணிபம். உண்மையான பங்குகள், உண்மையான ரூபாய். இதே ஒத்திகையை ஜனவரி 20-ஆம் நாளுக்கே குறித்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை திடீரென விடுமுறை ஆனபடியால் அந்தச் சனிக்கிழமையை முழு வேலைநாளாக்கி, ஒத்திகையைத் தள்ளிவைத்தார்கள். மார்ச்சில் அதை விடாமல் நடத்தியது போலவே மே 18-ஆம் நாளும், மற்றொரு சனிக்கிழமையில், மறுபடி நடத்தினார்கள்.